டைனமோவ மொதல்ல காப்பாத்துங்க, லித்தியத்த அப்புறம் பாத்துக்கலாம்

தம்பி கேட்டது இதுதான். பழைய டெம்போ டிராவலர் ஒண்ண வாங்கி உள்ள கட்டில், சின்ன கிச்சன், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டாச்சு, 200 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், பேட்டரில எவ்வளவு கொள்ளும்ங்கற அளவு) லித்தியம் பேட்டரி வாங்கியாச்சு, கூரை மேல 400 வாட் சோலார் இருக்கு. டைனமோலேர்ந்து ஒரு ரிலே (தானா ஆன் ஆஃப் ஆகுற சுவிட்ச்) போட்டு நேரா சார்ஜ் ஏத்தலாமா, வீட்ல சும்மா கெடக்குற பழைய இன்வெர்ட்டரயே வண்டில மாட்டிடலாமா, டிசம்பர் கடைசில குடும்பத்தோட அவலாஞ்சி பக்கமும் அப்புறம் கொடைக்கானல் மன்னவனூரும் போறோம், குளிர்ல லித்தியம் செத்துடும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, அது நெசமா.

ரிலே வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் பாதி ஓகே, பாதி இல்ல. குளிர் விஷயம் நெசம்தான், ஆனா அவர் சொல்ற மாதிரி இல்ல. நான் கோத்தகிரில இருக்கேன், ரொம்ப வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேல பாத்தவன், சொந்தமா ஒரு வேனும் வச்சிருக்கேன், அதனால இது நீளமாத்தான் போகும், டீய வச்சுட்டு உக்காந்து படிங்க.

மொதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏறணும், மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா புரியும். பழைய லெட் ஆசிட் பேட்டரி பந்தில உக்கார்ற பெரியவர் மாதிரி, கொஞ்சம் வயிறு நெறஞ்சதும் கைய குறுக்க வச்சு போதும்னு சொல்லிடுவாரு. அது சார்ஜ் ஏற ஏற தானே கரண்ட்ட கொறச்சுக்கும். லித்தியம் அப்படி இல்ல, போதும்னு சொல்லத் தெரியாத எளவட்டம். உள்ள ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் கம்மி, அதனால கிட்டத்தட்ட நெறையிற வரைக்கும் எவ்வளவு குடுத்தாலும் வாங்கிட்டே இருக்கும். அப்ப எவ்வளவு போடணும்னு பரிமாறுறவன்தான் முடிவு பண்ணணும். பரிமாறுறது டைனமோவோ ஈ.பி. சார்ஜரோ சோலாரோ, எதுவா இருந்தாலும் அளவு அந்தப் பக்கம் செட் பண்ணணும், பேட்டரி பக்கம் இல்ல. பேட்டரிக்குள்ள பாதுகாப்புக்கு வச்சிருக்க எலக்ட்ரானிக் போர்டு, அதான் பி.எம்.எஸ்ஸு, இருக்கேன்னு நெறைய பேரு கேப்பாங்க. அது காவக்காரன். வீடு பத்தும்போது மெயின ஆஃப் பண்ற ஆளு அது, தெனமும் அளந்து ஊத்துற வேல அதுக்குக் கெடையாது.

இத நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல, டைனமோவ எரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மொத மொத லித்தியம் போட்டப்ப கீழ ஒரு கடைல ‘ஒரு ஹெவி ரிலே போட்டா போதும், அதான் எல்லாரும் பண்றாங்க’ன்னு மாட்டி அனுப்பிட்டாங்க, நானும் தொழில் தெரிஞ்சவன்தான், இருந்தாலும் லித்தியம் புதுசு, தலையாட்டிட்டு வந்துட்டேன். மே மாசம், சீசன். கல்லாறு தாண்டி பர்லியார் கிட்ட வண்டி வரிசையா நிக்குது, ஒரு மணி நேரமா ஊருது. இன்ஜின் ஐடில்ல, பேட்டரி முக்கால்வாசி காலி, டைனமோ 90 ஆம்ப்ஸ் பிளேட். டாஷ்போர்டுல பேட்டரி லைட் லேசா மினுக்குது, அப்புறம் வார்னிஷ் கருகுற வாசன. பானெட்ட தொறந்து க்ளாம்ப் மீட்டர் போட்டா டைனமோவால முடிஞ்ச கரண்ட் பூராவும் ஓடிட்டு இருக்கு, ஐடில்ல! டைனமோ தன்னோட ஃபேன வச்சுத்தான் தன்ன குளுத்திக்கும், ஐடில்ல அந்த ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், ஆனா வேல மட்டும் முழு வேல. டைனமோ பிளேட்ல போட்டிருக்க ஆம்ப்ஸ்ங்கறது நல்லா சுத்தும்போது குடுக்கக்கூடியது, மணிக்கணக்கா நின்னுகிட்டே குடுக்கறதுக்கு இல்ல. குன்னூர் வரைக்கும் டோ பண்ணிட்டுப் போனோம். ஸ்டேட்டர் காயில் கருகி, டயோடும் போயிருந்துச்சு.

இன்னொரு ஆபத்தும் ரிலேல இருக்கு. ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி நெறஞ்சோ சூடாயோ பி.எம்.எஸ். டக்குனு கட் பண்ணிச்சுன்னா, அந்த நிமிஷம் வரைக்கும் 60, 70 ஆம்ப்ஸ் குடுத்துட்டு இருந்த டைனமோவுக்கு கரண்ட் போக எடமில்லாம வோல்டேஜ் எகிறும், டயோடு போகும், சில சமயம் வண்டியோட எலக்ட்ரானிக்ஸும் சேந்து போகும். ஸ்டார்ட்டர் பேட்டரி லைன்ல இருந்தா கொஞ்சம் தாங்கிக்கும், ஆனா அத நம்பி எறங்காதீங்க.

அதனால நடுவுல டிசி டு டிசி சார்ஜர் ஒண்ணு போடுங்க, 12க்கு 12, 30 ஆம்ப்ஸ். இவன்தான் நான் சொன்ன அளந்து பரிமாறுறவன். டைனமோ எவ்வளவு பெருசா இருந்தாலும் 30தான் போகும், அதுவும் லித்தியத்துக்கு வேண்டிய 14.2, 14.4 வோல்ட்ல சரியா போகும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டின்னா இது இன்னும் அவசியம், அதுல நெறைய வண்டில டைனமோ வோல்டேஜ கம்ப்யூட்டரே ஏத்தி எறக்கி வெளையாடும், ரிலேவுக்கு தலயும் புரியாது வாலும் புரியாது. உங்க வண்டி பழசுன்னு சொல்றீங்க, அப்ப வயரிங் சுலபம், இக்னிஷன் ஆன் ஆனா மட்டும் சார்ஜர் வேல செய்யற மாதிரி ஒரு சிக்னல் வயர் இழுத்துடுங்க, இல்லேன்னா ராத்திரி பூரா ஸ்டார்ட்டர் பேட்டரிய உறிஞ்சிட்டு காலைல செல்ஃப் அடிக்காது.

வயர் சைஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். முன்னாலேர்ந்து பின்னால 5 மீட்டர்னா போக வர 10 மீட்டர் காப்பர். 6 ஸ்கொயர் எம்.எம். வயர்ல 30 ஆம்ப்ஸ் ஓடுனா முக்கால் வோல்ட்டுக்கு மேல வழியிலயே போயிடும், 16 ஸ்கொயர்னா மூணுல ஒரு பங்கு வோல்ட்டோட நின்னுடும். அவுட்புட் 30 வரணும்னா இன்புட்ல அத விடக் கொஞ்சம் அதிகமாவே இழுக்கும், அத மறக்காதீங்க. வயர் முனைல மாட்டுற லக் எல்லாம் டூல் வச்சு அமுக்கி கிரிம்ப் பண்ணி வாங்குங்க, சுத்தியல்ல தட்டி ஒட்டுற வேலையெல்லாம் வேண்டாம், நம்ம ரோட்டுக் குலுக்கல்ல ஒரு மாசத்துல லூஸ் ஆயிடும். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள. லித்தியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்குல ஆம்ப்ஸ் ஒரு நொடில பாயும், சாதா கண்ணாடி ஃபியூஸ் அதத் தாங்காது, டி கிளாஸ்னு (Class T) கேட்டு வாங்குங்க.

30 ஆம்ப்ஸ் கம்மியா இருக்கேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டி 50 கிலோமீட்டர் சொச்சம், சாதா நாள்ல ரெண்டு மணி நேரம், ஊட்டி போய்ச் சேரும்போது 60 ஏ.ஹெச். ஏறியிருக்கும். சீசன்ல ஏறுறது குன்னூர் வழி, எறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிடுவாங்க, அப்ப நேரம் இன்னும் கூடும், ஐடில்லயே நிக்கறதும் கூடும், அதுக்குத்தான் 30க்கு மேல போகாதீங்கன்னு சொல்றேன். எறக்கம்தான் எனக்குப் பிடிச்சது. செகண்ட் கியர்ல இன்ஜின் பிரேக்ல எறங்கும்போது ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தாச்சு, ஆனா இன்ஜின் நல்லா சுத்திட்டு இருக்கு, டைனமோவும் நல்லா காத்து வாங்கிட்டு சுத்துது, மலையே உங்களுக்கு சார்ஜ் போட்டுக் குடுக்குது. பழனி வழியா கொடைக்கானல் ஏறுற ரோடும் 60 கிலோமீட்டருக்கு மேல, அங்கயும் இதே கணக்குத்தான்.

இப்ப குளிர். உங்க பேட்டரிக்குள்ள இருக்க லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல்ல பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது, டிஸ்சார்ஜ் பண்ணலாம். காரணம் என்னன்னா, சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனி கிராஃபைட்டுக்குள்ள போய் உக்காரணும், குளிர்ல அது மெதுவாத்தான் உள்ள போகும், நாம வெளியிலேர்ந்து தள்ளிட்டே இருந்தா உள்ள எடம் கெடைக்காம மேலயே உலோகமா படிஞ்சிடும். படிஞ்சது படிஞ்சதுதான், அந்த அளவு கெப்பாசிட்டி திரும்ப வராது, ரொம்பப் படிஞ்சா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. வெளிய ஒண்ணும் தெரியாது, அன்னிக்கு நல்லாத்தான் ஓடும், அதான் கொடும.

ஆனா பூஜ்யம்ங்கறது செல்லோட சூடு, வெளிக் காத்தோட சூடு இல்ல. தலைக்குந்தா, அவலாஞ்சி, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரில உறைபனி விழும், புல்லெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளையாயிடும், வண்டிக் கண்ணாடிய சொரண்டித்தான் எடுக்கணும். அந்த மாதிரி ஒரு விடியக்காலைல என் வேன்ல பேட்டரி பெட்டிக்குள்ள பாத்தேன், 7 டிகிரி. வேனுக்குள்ள நாலு பேரு மூச்சு விட்டுத் தூங்குறாங்க, பேட்டரியும் இருவது கிலோவுக்கு மேல கனம், அது ஒரு ராத்திரில அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால பேட்டரிய வண்டிக்குள்ள, சீட்டுக்கு அடியில வைங்க, சேஸிஸ்க்குக் கீழ தொங்கவிடாதீங்க. ராத்திரி ஆள் இல்லாம ரெண்டு மூணு நாள் வெளிய நிறுத்துறப்பதான் நெசமான ரிஸ்க்கு, விடிஞ்சதும் சோலார் தானா சார்ஜ் பண்ண ஆரம்பிச்சுடும் பாருங்க. வாங்குன பேட்டரில லோ டெம்பரேச்சர் கட் ஆஃப் இருக்கான்னு கடைல எழுதி வாங்குங்க, சீப்பான பி.எம்.எஸ்ல அது இருக்காது. செல் பூஜ்யத்துலேர்ந்து பத்து டிகிரிக்குள்ள இருக்கப்ப சார்ஜ மெதுவா ஏத்துங்க, உங்க 200க்கு 20 ஆம்ப்ஸ் போதும். நான் என்ன பண்ணுவேன்னா காலைல எழுந்ததும் மொதல்ல கெட்டில போட்டு டீ வைப்பேன், அப்ப பேட்டரிலேர்ந்து பெரிய கரண்ட் வெளிய போகும்போது செல் உள்ளுக்குள்ள கொஞ்சம் சூடாகும், அப்புறம்தான் வண்டிய ஸ்டார்ட் பண்ணுவேன். டீயும் ஆச்சு.

குளிருக்கு இவ்வளவு பயப்படுறவங்க யாரும் வெயிலுக்குப் பயப்படறதில்ல, எனக்கு அதுதான் ஆச்சரியம். லித்தியத்தோட ஆயுச தின்றது சூடும், நெறைய சார்ஜோட சும்மா கெடக்கறதும்தான். டிரிப் முடிஞ்சு எறங்கி கோயமுத்தூர்ல ஏப்ரல், மே வெயில்ல மூடுன வேன்ல 100 பர்சன்ட் சார்ஜோட ரெண்டு மாசம் விட்டீங்கன்னா, ஊட்டிப் பனி செய்யாதத அது செஞ்சிடும். பாதி சார்ஜ்ல விட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி நெழல்ல நிறுத்துங்க.

சோலார் விஷயத்துல மலைல ரெண்டு சங்கதி. ஒண்ணு மூடுபனி. பிப்ரவரி மார்ச்ல நல்ல வெயில் நாள்ல உங்க 400 வாட் நாளைக்கு நூறு ஏ.ஹெச். பக்கம் குடுக்கும், ஜூன் ஜூலைல காத்தும் மழையுமா இருக்கப்ப எனக்கு பதினஞ்சு இருவது பாத்தாலே பெருசு. டிசம்பர் கடைசின்றதால காலைல பளிச்சுனு இருக்கும், மத்தியானத்துக்கு மேல மஞ்சு ஏறிடும், அதனால காலை வெயில் விழற பக்கமா நிறுத்துங்க, சில்வர் ஓக் நெழல் ஒரு ஓரத்துல விழுந்தாலே பேனல் பாதி படுத்துடும். ரெண்டாவது சங்கதி யாரும் சொல்ல மாட்டாங்க. பேனல் குளிர்ல வோல்டேஜ் கூடுதலா குடுக்கும், டிகிரிக்கு 0.3 பர்சன்ட் பக்கம். பேனல் பின்னால போட்டிருக்க ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (ஒண்ணும் மாட்டாம இருக்கப்ப வர்ற வோல்டேஜ்) 25 டிகிரிக்கு. 45 வோல்ட் பேனல் ரெண்ட சீரிஸ்ல போட்டா 90, உறைபனி காலைல பூஜ்யம் டிகிரில அது 97 ஆயிடும், உங்க சோலார் சார்ஜர், அதான் எம்.பி.பி.டி., 100 வோல்ட் மாடல்னா கழுத்து வரைக்கும் வந்தாச்சு. மேட்டுப்பாளையத்துல ஒரு வருஷம் நல்லா ஓடுன சார்ஜர் தலைக்குந்தாவுல ஒரு காலைல போறது இப்படித்தான். பேரலல்ல போட்டுட்டா இந்தத் தொல்லையும் இல்ல, நெழல் தொல்லையும் கொறையும்.

வீட்டு இன்வெர்ட்டர பத்தி. கரண்ட் எடுக்கறதுக்கு அது பரவால்ல, சார்ஜ் பண்ணத்தான் பாத்துப் பண்ணணும். அதுல ட்யூபுலர் மோடுன்னு ஒண்ணு இருக்கும், ட்யூபுலர்ங்கறது லெட் ஆசிட் பேட்டரில ஒரு வகை, அந்த மோடுல சில மாடல் மாசத்துக்கு ஒரு தரம் செல்லயெல்லாம் சமமாக்க ஈக்வலைஸ் பண்றேன்னு 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும். ட்யூபுலருக்கு அது வைத்தியம், லித்தியத்துக்கு வெஷம். நாலு செல் சேந்ததுதான் உங்க 12.8 வோல்ட் பேட்டரி, ஒரு செல்லுக்கு உச்சம் 3.65, மொத்தம் 14.6, அதத் தாண்டக் கூடாது, 14.2லயே நெறஞ்சிடும். நெறஞ்சப்புறம் பிடிச்சு வைக்கிற வோல்டேஜ், அதான் ஃப்ளோட், 13.5க்கு மேல வேண்டாம். உங்க இன்வெர்ட்டர்ல லித்தியம் மோடு இல்லேன்னா சார்ஜிங்க ஆஃப் பண்ணிட்டு தனியா 30 ஆம்ப்ஸ் லித்தியம் சார்ஜர் வாங்கிடுங்க. அது 500 வாட்டுக்குள்ளதான் எடுக்கும், ஹோம்ஸ்டேல சாதா 6 ஆம்ப்ஸ் பிளக்லயே ஓடும், ஒரு ராத்திரில நெறஞ்சிடும். எஸ்டேட் லைன்ல சாயங்காலம் லோ வோல்டேஜ் சகஜம், 170க்கு எறங்கும், மரம் விழுந்து கரண்ட் போயிட்டு திரும்ப வரும்போது குபீர்னு வரும், அதனால வாங்குற சார்ஜர் கம்மி வோல்டேஜ்லயும் ஓடுறதா பாத்து வாங்குங்க, கூட ஒரு சர்ஜ் புரொடக்டர்.

ஒரு நாள் பேட்டரி முழுசா காலியாகி பி.எம்.எஸ். கட் பண்ணிடுச்சுன்னா, வெளிய மீட்டர் வச்சா பூஜ்யம் காட்டும், சாதா சார்ஜர் ‘இங்க பேட்டரியே இல்ல’ன்னு நெனச்சு ஆரம்பிக்காது. உடனே பேட்டரி செத்துப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, நெறைய பேரு இதுல ஏமாந்து புதுசு வாங்கியிருக்காங்க. தூக்கத்துலேர்ந்து எழுப்புற வசதி இருக்க லித்தியம் சார்ஜர்ல மாட்டுனா எழுந்துக்கும்.

வோல்டேஜ வச்சு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லவே முடியாது. லித்தியம் கடைசி வரைக்கும் 13.1, 13.2ன்னு கல்லு மாதிரி நிக்கும், 12.8க்கு வந்துட்டா கிட்டத்தட்ட முடிஞ்ச கத. ஷண்ட் வச்ச மீட்டர் ஒண்ணு போடுங்க, உள்ள வந்ததையும் வெளிய போனதையும் அது எண்ணிக்கிட்டே இருக்கும். ஆனா அதுவும் எப்பவாச்சும் ஒரு தரம் முழுசா நெறஞ்சாத்தான் கணக்க சரி பண்ணிக்கும். செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சமமாகறதும் உச்சத்துக்குக் கிட்ட போறப்பதான். மழைக்காலத்துல மாசக்கணக்கா நெறையாமயே ஓட்டுனேன், மீட்டர் 40 பர்சன்ட்னு காட்டிட்டே இருந்துட்டு ஒரு நாள் ராத்திரி இருட்டாக்கிடுச்சு. மாசம் ஒரு தரம் ஈ.பி.ல மாட்டி 14.2 வரைக்கும் போக விடுங்க.

செலவுக் கணக்கு. என் ஃப்ரிட்ஜ் மலைல ஒரு நாளைக்கு 25 ஏ.ஹெச். தாண்டாது, கீழ மே மாசத்துல 40க்கு மேல. லைட்டு, பம்பு, ஃபோன், லேப்டாப் இன்னொரு 25. கெட்டில்ல ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க 10 ஏ.ஹெச்.னு வச்சுக்குங்க, ஊட்டி ஒசரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், பருப்பு வேகாதே தவிர டீக்குக் கொற இல்ல. மூணு லிட்டர்னா 30. மொத்தம் 80. வெயிலே இல்லேன்னாலும் ரெண்டு நாள் தாங்கும், நடுவுல ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டுனா 60 திரும்பிடும். ஆனா 1500 வாட் கெட்டில் 130 ஆம்ப்ஸ் இழுக்கும், உங்க பி.எம்.எஸ். 100 ஆம்ப்ஸ்னா பட்டுனு கட் ஆயிடும், சின்ன டிராவல் கெட்டில் வாங்கிக்குங்க. ரூம் ஹீட்டர் ஆசைய விட்டுடுங்க, 1000 வாட் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பேட்டரிய முடிச்சிடும், கம்பளி போத்திக்குங்க. பருப்புக்கு குக்கரும் கேஸும்.

கடைசியா போற வழி பத்தி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வேணும், கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் தனித்தனியா எடுத்துடுங்க. அவலாஞ்சி ஃபாரஸ்ட் எல்லைல ரோட்டோரம் வேன நிறுத்தித் தூங்கலாம்னு நெனைக்காதீங்க, எமரால்டு பக்கம் ஏதாச்சும் ஹோம்ஸ்டே வாசல்ல கேட்டு நிறுத்துங்க, பிளக்கும் கெடைக்கும். சமைச்ச பாத்திரத்த வெளிய வைக்காதீங்க, எங்க ஊர்ல கரடி வந்து கதவத் தட்டும், அதுக்கும் போதும்னு சொல்லத் தெரியாது.

ரிலே வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துட்டு, பானெட்ட தொறந்து டைனமோ பிளேட்ல எத்தன ஆம்ப்ஸ்னு பாத்துச் சொல்லுங்க. 90க்கு மேலன்னா 30 ஆம்ப்ஸ் சார்ஜர் தாராளமா போடலாம், 60 கிட்டன்னா 18தான், ஏசி வேற மாட்டியிருந்தா பெல்ட் கண்டிஷனையும் பாத்துச் சொல்லுங்க.